பனி காயும் வரை வண்டி நிறுத்தலாம்

சத்யபாமா உடைத்தது ஒரே ஒரு தேங்காய்தான். அது சிதறிய சிதறலில் அலோன் நடைக்குழுவுக்கு ஒரு காட்டுப்பாதையே அடைபட்டுப் போயிற்று.

யாங்கோனில் மழை ஓய்ந்து குளிர் எட்டிப் பார்த்துவிட்டால் இந்த நடைக்குழுவைக் கையில் பிடிக்க முடியாது. குளிர் என்றால் பெரிய குளிரொன்றும் இல்லை; ஒரு ஸ்வெட்டரும் இரண்டு தும்மலும் போதும். ஆனாலும் வருஷத்தில் அந்தச் சில மாதங்கள்தான் மனிதன் காட்டில் நடக்க முடியும். மழைக்காலத்தில் நடந்தால் அட்டைக்கு விருந்து, கோடையில் நடந்தால் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். அதனால் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் இரண்டு வேன்களில் அடைந்துகொண்டு மாவ்பிக்கு அப்பால் தயெட்கோன் கிராமத்துக்குப் போவார்கள். ஊர்க்கோடியில் மூங்கில் காடு தொடங்கும் இடத்தில், சாலையோரமாக வேன்களை நிறுத்துவார்கள். காட்டுக்குள் நடந்து பழைய ஏரிக்கரையில் ஏறி, பூரியும் கிழங்கும் தின்று, ஊர்வம்பு பேசி முடித்துச் சாவகாசமாகத் திரும்புவார்கள்.

குழுவை ஆரம்பித்தவர் சத்யபாமாவின் கணவர் சிவராஜ். யாங்கோனின் அலோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்திலேயே வாழ்க்கையைக் கழித்துவிட்டதால் மண்ணில் நடக்க ஆசை என்பார். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, மருந்து, வேண்டுதல் எல்லாம் ஆன பிறகு பேச்சு திரும்பியது, கை திரும்பியது. இடது கால் மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. எழுந்து நடப்பார், ஆனால் அந்தக் கால் தரையைவிட்டுக் கிளம்பாமல் சர்ர்ரென்று இழுபடும்.

வீடோ ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பால்கனியில் உட்கார்ந்து, தெருவில் வரும் கீரைக்காரிக்குக் கயிற்றில் கூடையை இறக்கி மேலே இழுப்பதுதான் அவருக்கு மிஞ்சிய வேலை. "கிரேன் ஓட்டுனவன் இப்ப கூடை ஓட்டுறேன்" என்று சிரிப்பார். டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: இந்தக் குளிர்காலத்தில் நடந்து பழகினால் நடப்பார், நாற்காலி பழகிவிட்டால் பிறகு நாற்காலிதான். அன்றிலிருந்து சத்யபாமா வாயில் ஒரே மந்திரம்: "காலைத் தூக்கி வைங்க. தூக்கி வைங்க." குளியலறைக்குப் போனாலும் அதுதான், சாப்பிட வந்தாலும் அதுதான்.

சிவராஜ் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். "ஏரிக்கரைய ஒரு தடவ ஏறிப் பாத்துட்டேன்னா எனக்கு நம்பிக்க வந்துரும் பாமா."

அதற்காகத்தான் அந்தத் தேங்காய். குளிர்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, சிவராஜை வீட்டில் விட்டுவிட்டு, பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சத்யபாமா குழுவோடு போனாள். நடந்து திரும்பியதும், பாதை வாசலில் ஆலமரத்தடியில் இருந்த, பர்மியர் கும்பிடும் நாட் எனும் காவல் தெய்வத்தின் சின்ன மரக்கோயில் முன்னால் நின்றாள். சாமி எந்த ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன, காது இருந்தால் போதும் என்பது அவள் கட்சி. புருஷனை நினைத்து, பல்லைக் கடித்து, சிதறுகாயை ஓங்கிக் கல்லில் அடித்தாள்.

அடி என்றால் அப்படியொரு அடி. ஒரு சில்லு கோயிலுக்கு முன்னாலிருந்த பூச்சாடியைத் தட்டிவிட்டது. மற்றவை பக்கத்தில் சாலையோரம் காயப்போட்டிருந்த நெல்லில் போய் விழுந்தன. தேங்காய்த் தண்ணீர் வேறு நெல்லின்மேல் தெறித்தது. "ஓங்கிப் போட்டீங்கக்கா! அண்ணன் ஓடியே வந்துருவாரு" என்று கைதட்டினான் வேன் ஓட்டும் சுந்தர். நெல்லுக்குச் சொந்தக்காரி டோ மியா யின் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மௌனமே அபாயச் சங்காகக் கேட்டிருக்க வேண்டும். ஒருவருக்கும் கேட்கவில்லை.

பர்மியர் தங்கள் நாட் தெய்வத்துக்குத் தேங்காயை முழுசாகப் படைப்பார்கள். காம்புகூட ஒடியாமல் இருக்க வேண்டும். ஒடிந்தால் அது படையலுக்கு ஆகாது. சத்யபாமா இதைப் பிறந்தது முதல் கடைவீதியில் பார்த்தவள்தான். ஆனால் கண் பார்த்ததைக் கை மறந்து, மாரியம்மன் கோயில் பழக்கத்தில் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு போனபோது ஊர் முகப்பில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தது. நெல் காயும் காலம் முடியும்வரை வெளி வண்டிகள் உள்ளே வரக் கூடாதாம். நெடுஞ்சாலைப் பக்கம் பகோடா வளாகத்தில் நிறுத்திவிட்டு நடந்துவரலாமாம். அங்கிருந்து காட்டு முனைக்கு நல்ல காலுக்கே அரை மணி நேரம் ஆகும். நெல் காயும் காலம் என்பதோ அவர்கள் நடக்கிற காலமேதான். முழுக் குளிர்காலமும் போயிற்று.

குழு சும்மா இருக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு படித்த ஏஞ்சலா, அழகான பர்மியில் ஒரு விண்ணப்பம் எழுதி, ஊர்ப் பெரியவர் ஊ சான் தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மரியாதையாகப் படித்தார், தேநீர் கொடுத்தார், ஊறவைத்த தேயிலையும் கடலையும் கொடுத்தார், "பார்க்கலாம்" என்றார். அவர்கள் வெளியே வருவதற்குள் மூங்கிலுக்கு இன்னொரு கட்டுப் போட்டாயிற்று.

"விடுங்கக்கா, த்வாண்டே பக்கம் போவோம்" என்றான் சுந்தர். "கால்வாய்க் கரை சமமா இருக்கு. வண்டி நிப்பாட்ட எடமும் தாராளம்."

"அங்க பானைச் சூளையத் தவிர என்னாடா இருக்கு? பானை பாக்கவா போறோம்?" என்று சத்யபாமா பாய்ந்தாள். "அவரு கேக்குறது அந்த ஏரிய. நீ வேற எதையாச்சும் காட்டி ஏமாத்தப் பாக்காத."

இதற்குள் சிவராஜ் படியிறங்கிப் பழகியிருந்தார். ஒரு ஞாயிறு பிடிவாதமாக, ஐந்து மாடியையும் கைப்பிடியைப் பற்றியே இறங்கி, வேனில் ஏறிவிட்டார். பகோடா வளாகத்தில் இறங்கியதும் சுந்தர் ஒரு சைக்கா பிடித்து வந்தான். பக்கத்தில் இருக்கை வைத்த அந்த மிதிவண்டியைப் பார்த்ததும் சிவராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் என்னா மூட்டையா? ஆயுசு பூரா மூட்டையத் தூக்குனவன் நானு. என்னைய எவனும் தூக்கிட்டுப் போக வாணாம்."

நடந்தார். சத்யபாமா பக்கத்திலேயே "தூக்கி வைங்க, தூக்கி வைங்க" என்று போனாள். பாதி வழியில் ஒரு சின்னப் பாலம் வந்தது. சிவராஜ் அதன் கட்டையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூங்கில் காட்டின் நுனி தூரத்தில் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "திரும்பு" என்றார். வீடு வந்ததும் சொன்னார்: "குழுவுலேர்ந்து என் பேர எடுத்துரச் சொல்லு சுந்தர்கிட்ட."

சத்யபாமா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழலாம் என்றால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாமல் தண்ணீர் மாடி ஏறாது. ஆகவே தெரு கேட்கவே அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. தன் தேங்காய் அடைத்த வழியைத் தானே போய்த் திறக்காவிட்டால் தான் என்ன மனுஷி என்று தோன்றியது. குடத்துத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் கருக்கலிலேயே பஸ் பிடித்து, மாவ்பியில் இறங்கி, காய்கறி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு, சத்யபாமா தனியாகத் தயெட்கோன் போய்ச் சேர்ந்தாள். கையில் ஒரு தாம்பாளம். அதில் காம்பு ஒடியாத பச்சைத் தேங்காய் ஒன்று, சுற்றிலும் மூன்று சீப்பு வாழைப்பழம். வழியெல்லாம் அந்தக் காம்பைக் கைக்குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல் பிடித்தபடியே வந்திருந்தாள். ஆலமரத்தடியில் தாம்பாளத்தை வைத்து, பர்மிய முறைப்படி முழங்காலில் அமர்ந்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள்.

எழுந்து பார்த்தால் பின்னால் டோ மியா யின் நிற்கிறாள். கன்னத்தில் தனாக்கா மரப்பூச்சு, வாயில் சுருட்டு, கண் நேராகத் தேங்காய்க் காம்பின்மேல்.

"மன்னிச்சுக்கங்க அமா" என்றாள் சத்யபாமா. பர்மியில் அக்காவுக்கு அமா; அந்த மொழி அவளுக்குத் தமிழைப் போலவே வேகமாக வரும். "அன்னிக்கு என் புருஷனுக்காக வேண்டிக்கிட்டு எங்க பழக்கத்துல ஒடைச்சுட்டேன். என் மேல கோவம்னா என்னையத் திட்டுங்க. அதுக்காக வழிய அடைக்காதீங்க."

டோ மியா யின் சுருட்டை எடுத்தாள். "தேங்காய்க்காக யாரு அடைச்சது? அது கடைசியா வந்தது மா சத்யா. உங்க வேனுக்காக அடைச்சேன். என் நெல்லு காயப்போடற எடத்துல வந்து நிப்பாட்டிட்டு காட்டுக்குள்ள போயிடறீங்க. வெயில் ஏறுது, நான் நெல்லக் குவிச்சு வெச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க கரையில உக்காந்து பூரி திங்கிறீங்க. வருஷா வருஷம் இதே கதை. அன்னிக்குத்தான் பொறுக்காம, வேன்களுக்கு நடுவுல கெடச்ச எடத்துல பரப்புனேன். அதுலயும் தேங்காயப் போட்டீங்க."

சத்யபாமாவுக்குக் காது சூடாகிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அமா?"

"அனாதே" என்றாள் அவள்.

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எதிராளி முகம் சுருங்குமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிற அந்தக் கூச்சத்துக்குப் பர்மியில் இருக்கும் பெயர் அது. சத்யபாமாவின் தெருவில் ஒரு செருப்பு இடம் மாறினாலே மூன்று வீடு எழுந்து கத்தும். இங்கே ஒருத்தி வருஷக்கணக்காக வெயிலை இழந்துவிட்டு, வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் மூங்கிலால் சொல்லியிருக்கிறாள். அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? தங்களை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

வெட்கத்தில் தலையைக் குனிந்தபோதுதான் தரை கண்ணில் பட்டது. சாலையோரம் வெறுமையாகக் கிடந்தது. நெல் முழுதும் தார்ப்பாயின் கீழ்க் குவியலாக இருந்தது. தார்ப்பாய் மேல் பனி முத்து முத்தாக நின்றது.

"இன்னும் பரப்பலையா?"

"பனி காயணுமே. ஈரத்தரையில பரப்புனா நெல்லு கறுத்துப்போகும்."

சத்யபாமா தரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வேன்கள் வந்து நிற்கிற நேரம் இதுதான். நிற்கிற இடமும் இதுதான்.

"அமா! பனி இருக்கறப்ப இந்த எடம் சும்மாதானே கெடக்கு? பனி காயற வரைக்கும் எங்களுக்குக் குடுங்க. பனியோட வர்றோம், பனியோட போயிடறோம். பூரி வாணாம், பேச்சு வாணாம்."

"உங்காளுங்க திரும்பறதுக்கு நேரமானா?"

"ஆனா, அதுக்கு அபராதம் நாங்களே கட்டுறோம். உங்க நெல்லக் காலால கெளறி விடறோம். நாங்க நடக்கற ஆளுங்கதானே? காட்டுல நடக்கறத உங்க நெல்லுல நடக்கறோம்."

டோ மியா யின் சிரித்த சிரிப்பில் சுருட்டு கீழே விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்து ஊ சான் தா வீட்டுக்குப் போனாள். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பூரி கிடையாது என்றதும் குழுவில் பெரிய துக்கம். "பூரி இல்லாம நடந்துதான் என்னாக்கா?" என்று சுந்தர் உருகினான். "வீட்ல தின்னுட்டு வா" என்று சத்யபாமா ஒரே போடாகப் போட்டாள். சிவராஜ்தான் வர மறுத்தார். தன் பேரை எடுத்தாயிற்றே என்றார். "யாரு எடுத்தது? நான் சொல்லவே இல்ல. சொல்லவும் மாட்டேன். செருப்ப மாட்டுங்க" என்றாள் சத்யபாமா.

அந்த ஞாயிறு மூங்கிலை ஊ சான் தாவே தூக்கிப் பிடித்தார். வேன்கள் அதன் அடியில் குனிந்தாற்போல் நுழைந்தன. சிவராஜ் வேனிலிருந்து இறங்கி வைத்த முதல் அடி ஆலமரத்து நிழலிலேயே விழுந்தது. காட்டுப்பாதை கைக்கெட்டும் தூரத்தில் தொடங்கியது. அவர் ஆழமாக மூச்சை இழுத்தார். ஈர மூங்கில் வாசனை. அவர் கண் கலங்கியதைச் சத்யபாமா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

மற்றவர்கள் விறுவிறுவென்று போய்விட்டார்கள். இவர்கள் ஆமை வேகத்தில் போனார்கள். சர்ர்ர், சர்ர்ர் என்று சருகில் கோடு விழுந்தது. "தூக்கி வைங்க." ஒரு வேரில் தடுக்கினார், பிடித்துக்கொண்டாள். ஒரு கல்லில் உட்கார்ந்தார், எழுப்பினாள். ஏரிக்கரையின் அடிவாரத்துக்கு வருவதற்குள் மற்றவர்கள் மேலே ஏறி இறங்கியும் விட்டார்கள். "நாங்க போய் வண்டியப் பாத்துக்கறோம், நீங்க வாங்கக்கா" என்று ஏஞ்சலா அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

மூங்கில் இடுக்கில் வெயில் இறங்கியது. சத்யபாமா ஓர் இலையைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. பனி காய்ந்துவிட்டது. வாக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டது.

சிவராஜும் அதைக் கவனித்துவிட்டார். "திரும்பிரலாம் பாமா. உன் சொல்லு போயிரும். எல்லாருக்கும் வழி போயிரும். நான் இன்னொரு நாள் பாத்துக்கறேன்."

கரை அவர்கள் தலைக்கு மேலே நின்றது. இத்தனை பேர் பாதை ஒரு பக்கம், இந்த மனுஷன் ஒரு பக்கம். அவள் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "வழி போனா திரும்பப் போய்க் கும்புட்டு வாங்கிக்குவேன். கும்புடறது எனக்குப் பழக்கம்தான். ஏறுங்க" என்றாள்.

ஏறினார். பாதி கையால், பாதி அவள் தோளால். உச்சிக்கு வந்து நிமிர்ந்தபோது ஏரி முழுவதும் ஒரே வெளிச்சமாகக் கிடந்தது. பழைய கிரேன்காரர்கள் சுமையை மேலே தூக்கச் சொல்லிக் கை காட்டுவார்களே, அதுபோல் சிவராஜ் வலது கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். பிறகு குழந்தைபோல் அழுதார். அவளும் அழுதாள். சந்தோஷம் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்பி வருகிற வழியில்தான் பயம் பிடித்தது. மற்ற வேனை வெளியே எடுத்திருந்தாலும், சிவராஜுக்காகக் காத்துக்கொண்டு சுந்தரின் வேன் நெல் களத்திலேயே நின்றிருக்கும். டோ மியா யின் முகத்தில் எப்படி விழிப்பது? மூங்கிலை இந்நேரம் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஆலமரம் தெரிந்ததும் சத்யபாமா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது யாரோ கத்துவது கேட்டது.

"காலைத் தூக்காதீங்க! இழுங்க! இழுங்கன்னு சொல்றேன்ல!"

கண்ணைத் திறந்தாள். வேன் நின்ற இடம் போக மிச்ச இடத்தில் நெல் கனமாகப் பரப்பிக் கிடந்தது. அதன் நடுவே நடைக்குழு முழுவதும் வெறுங்காலோடு, லுங்கியையும் புடவையையும் தூக்கிச் செருகிக்கொண்டு, கொக்குகள் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தது. அபராதம் கட்டுகிறார்கள்! டோ மியா யின் ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நெல்லைக் கிளறுவதற்குக் காலைத் தரையிலிருந்து எடுக்கவே கூடாது. அடிவரை இழுத்துக்கொண்டே போனால்தான் கீழ் நெல் மேலே வரும். இந்த நடைப்பழக்கக்காரர்களுக்கோ அது வரவே இல்லை. ஊ சான் தா மூங்கிலைக் கக்கத்தில் இடுக்கியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவராஜ் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க வாணாங்க, களைச்சுப் போயிருக்கீங்க" என்று சத்யபாமா சொல்வதற்குள் நெல்லில் இறங்கிவிட்டார். வலது காலை வைத்தார். இடது கால் பின்னாலேயே சர்ர்ரென்று வந்தது. நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, தரை தெரிய, கயிறு பிடித்தாற்போல் நேராக ஒரு சால் விழுந்தது. இன்னோர் அடி. இன்னும் நீளமாக விழுந்தது. ஈரமான அடிநெல் வெயிலுக்கு முகம் காட்டியது.

டோ மியா யின் கத்துவதை நிறுத்திவிட்டாள். பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். "பாருங்க! எல்லாரும் நின்னு பாருங்க! இந்தப் பெரியவரு எப்படி இழுக்கறாரு பாருங்க! இப்படித்தான் இழுக்கணும்!"

குழு அப்படியே நின்று பார்த்தது. யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. சுந்தர் அவருக்குப் பின்னால் போய் நின்று, அவரைப் போலவே இடது காலை இழுத்துப் பழகினான். அவனுக்குப் பின்னால் ஏஞ்சலா. கொஞ்ச நேரத்தில் சிவராஜ் முன்னே, குழு முழுவதும் பின்னே. குழுவைத் தொடங்கிய நாளிலும் அவர் அப்படித்தான் முன்னால் நடந்தார்.

ஊ சான் தா வந்து, கக்கத்திலிருந்த மூங்கிலைச் சாலையோரத்தில் நீளவாக்கில் போட்டார். "இதுக்கு இந்தப் பக்கம் வண்டி" என்றார். "பனி காயற வரைக்கும். நெல்லு இருக்கற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். இந்தப் பெரியவரு வர்ற வண்டி மட்டும் மரத்தடியில நிக்கட்டும், அதுக்கு நேரக்கணக்கு கெடையாது."

ஏஞ்சலா கூவியே விட்டாள். சுந்தர் வேனின் ஹார்னை விடாமல் அடித்தான். சிவராஜ் இதெதையும் காதில் வாங்காமல் களத்தின் கடைசி வரை போய்த் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னொரு சால் போட்டுட்டு வந்துர்றேன் பாமா!"

பழக்க தோஷத்தில் சத்யபாமாவின் வாய் அந்த மந்திரத்துக்குத் திறந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, ஊரே கேட்கக் கத்தினாள்.

"இழுத்து வைங்க!"